சாயம் வெளுத்த புராணங்கள்

1885 ஏப்ரல் மாதம். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ரயில் புறப்படத் தயாராக நிற்கிறது. பக்கத்து ஊரான ஜார்ஜ்டவுனில் பேஸ்பால் ஆட்டம். டெக்சாஸ் பல்கலைக்கழகம் தொடங்கி இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அணிக்கென்று ஒரு நிறமும் கிடையாது. ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ள ரிப்பன் இல்லையே என்று ஒரு பெண் சொன்னதும், இரண்டு பையன்கள் வண்டியிலிருந்து குதித்து காங்கிரஸ் அவென்யூவில் இருந்த கடைக்கு ஓடினார்கள். என்ன கலர் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். எதுவானாலும் சரி, சீக்கிரம் கொடுங்கள் என்றார்கள். இப்படி ஒரு வாடிக்கையாளர் வரமாட்டாரா என்றுதான் கடைக்காரர்கள் தவம் கிடக்கிறார்கள். கல்யாண விசேஷங்களுக்கு ஓடும் என்று எப்போதும் கையிருப்பில் இருந்தது வெள்ளை ரிப்பன். யாரும் சீண்டாமல் அலமாரியில் தூங்கியது ஆரஞ்சு. இரண்டையும் அவர்கள் தலையில் கட்டி அனுப்பினார். அன்றைக்கு ஆட்டத்திலும் தோற்றார்கள்.

இன்று அதே ஊரில் ஒரு லட்சம் பேர் கொள்ளும் மைதானத்தில், அந்த விலைபோகாத நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறார்கள். கேட்டால், அது எங்கள் ரத்தத்தில் ஊறிய நிறம் என்பார்கள்.

அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரிக் கால்பந்து அணிக்கும் ஒரு தல புராணம் உண்டு. வீரம், தியாகம், முன்னோர் சிந்திய ரத்தம் எல்லாம் அளவோடு கலந்திருக்கும். சுரண்டிப் பார்த்தால் அடியில் ஓர் ஆசாமி மாட்டுவார். தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்ட கடைக்காரராக இருக்கலாம், தோற்ற ஊரின் வயிற்றெரிச்சல் பத்திரிகைக்காரராக இருக்கலாம், சாயம் நிற்காத துணியை நெய்த புண்ணியவானாகவும் இருக்கலாம். மாவீரர் யாரும் இருக்கமாட்டார்.

கால்பந்து என்றதும் மெஸ்ஸியை நினைத்துவிட வேண்டாம். இது முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிரணி மொத்தமும் மேலே விழுந்து அமுக்குகிற ஆட்டம். காலுக்கு எப்போதாவதுதான் வேலை. ஆனால் முதல் கல்லூரி ஆட்டம் நிஜமாகவே காலால் ஆடியது. 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதின. பக்கத்துக்கு 25 பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. சீருடை என்று எதுவும் கிடையாது. 50 பேர் ஒரே குவியலாகக் கட்டிப் புரளும்போது தன் ஆளையே உதைத்துவிடக் கூடாதே என்று, ரட்கர்ஸ் பையன்கள் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். 6–4 என்று ஜெயித்தார்கள்.

அந்தச் சிவப்புக்கும் பின்னால் ஒரு ரிப்பன்தான். ரட்கர்ஸ் டச்சுக்காரர்கள் தொடங்கிய கல்லூரி. டச்சுக்காரர்களின் அரச வம்சம் ஆரஞ்சு வம்சம். ஆகவே நியாயப்படி ரட்கர்ஸுக்குச் சேரவேண்டியது ஆரஞ்சு. ஆனால் அதே 1869 மே மாதம், மாணவர் பத்திரிகையான டார்கம், பளீர்ச் சிவப்பை வைத்துக்கொள்வோம் என்று எழுதியது. சொன்ன காரணம்: கண்ணைப் பறிக்கும், தவிர, நல்ல சிவப்பு ரிப்பன் சுலபமாகக் கிடைக்கும். பரம்பரைப் பெருமையைக் கடையில் ஸ்டாக் இருக்கிறதா என்ற கேள்வி வென்றது.

அந்த ஆரஞ்சை, டச்சுக்கும் தனக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லாத பிரின்ஸ்டன் அதற்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. அங்கே பழைய கட்டடம் ஒன்றுக்கு நாசோ ஹால் என்று பெயர். அது இங்கிலாந்தின் மன்னராகிவிட்ட மூன்றாம் வில்லியத்தின் நினைவாக வைத்தது. அவர் ஆரஞ்சு-நாசோ வம்சம். அவ்வளவு போதாதா? ஆரஞ்சு ரிப்பனில் வகுப்பு ஆண்டைக் கறுப்பு மையில் அச்சடித்தார்கள். அதனால் கறுப்பும் கூட வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு காலுறையிலும் சட்டையிலும் ஆரஞ்சு-கறுப்புக் கோடு போட்டார்கள். பார்த்த பத்திரிகைக்காரர்கள் புலி என்றார்கள். மன்னரில் தொடங்கி, மைக்கூட்டில் முங்கி, காலுறை வழியாகப் புலியில் முடிந்த பரிணாமம் இது.

ரட்கர்ஸுக்குப் புலி வாய்க்கவில்லை. 1925-ல் சேவல் ஒன்றைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். எதிரணிக்காரர்கள் கோழி, கோழி என்று கூவியே உயிரை எடுத்தார்கள். முப்பது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு 1955-ல் சேவலை விரட்டி, சிவப்புக் கவசம் போட்ட குதிரை வீரனைக் கூட்டி வந்தார்கள்.

பிரின்ஸ்டன் மேல் ஊருக்கெல்லாம் ஒரு கண். 1878-ல் ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று மாணவர்கள் கூடி, தீர யோசித்து, ஆரஞ்சும் கறுப்பும் என்று முடிவுசெய்தார்கள். அப்புறம்தான் அது பிரின்ஸ்டனின் நிறம் என்று தெரிந்தது. உடனே சிவப்பும் சாம்பலும் என்று மாற்றிக்கொண்டார்கள். அடுத்தவன் பொருள் நமக்கு வேண்டாம் என்று ஒதுங்கிய இந்தக் கண்ணியமான நிறுவனம்தான் 2022-ல் 'த' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே வணிகமுத்திரை வாங்கியது. துணிமணிக்கு மட்டும்தானாம், நாம் பேச்சில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

1887-ல் இண்டியானாவின் பர்டியூவுக்கும் அதே ஆசை. அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆரஞ்சை மட்டும் லேசாக மங்கலாக்கிப் பழந்தங்கம் என்று பெயர் வைத்து, கறுப்பை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பரீட்சையில் பார்த்து எழுதுகிறவன் ஒரு வார்த்தையை மாற்றிப் போடுவானே, அந்தச் சாமர்த்தியம்.

பென்சில்வேனியா ஸ்டேட் ஆட்களோ பிரின்ஸ்டனின் முகத்துக்கு நேராகப் புளுகினார்கள். 1904-ல் அவர்களுடைய பேஸ்பால் அணி பிரின்ஸ்டனுக்குப் போயிருந்தது. உள்ளூர்ப் பையன்கள் தங்கள் புலிச் சிலைகளைக் காட்டி, இந்தப் புலி உங்களை என்ன பாடு படுத்தப் போகிறது பாருங்கள் என்று பீற்றிக்கொண்டார்கள். அப்போது பென் ஸ்டேட்டுக்குச் சின்னம் என்று ஒரு பூனைக்குட்டிகூடக் கிடையாது. ஜோ மேசன் என்ற ஆட்டக்காரர் அசரவில்லை. எங்கள் ஊரில் நிட்டனி மலைச் சிங்கம் இருக்கிறது, நேர்மையான சண்டையில் இதுவரை தோற்றதே இல்லை என்று அந்த இடத்திலேயே ஒரு மிருகத்தைப் படைத்தார். நிட்டனி என்பது அவர்கள் கல்லூரிக்குப் பக்கத்து மலை. மலை நிஜம், வாய்க்கு வந்தது சிங்கம். ஆட்டத்தில் பென் ஸ்டேட் ஜெயித்துவிட்டதால் பொய்க்கு உரம்போட்ட மாதிரி ஆகிவிட்டது. இன்றுவரை அதுதான் சின்னம்.

இவ்வளவு முரட்டுச் சிங்கத்தின் பூர்வீக நிறம் என்ன தெரியுமா? ரோஜாப்பூ நிறம். 1887-ல் பென் ஸ்டேட் மாணவர்கள் அடர்ந்த இளஞ்சிவப்பும் கறுப்பும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். கோடு போட்ட கோட்டும் தொப்பியுமாக வளாகத்தில் உலாத்தினார்கள். சூரியனுக்குப் பொறுக்கவில்லை. சில வாரங்களில் இளஞ்சிவப்பு வெளுத்து வெள்ளையாகிவிட்டது. இதற்குள் வெளியூர் ஆட்டங்களில் கேலியும் கிண்டலும் வாங்கிய பையன்களுக்கு அது வெளுத்ததில் வருத்தமிருந்ததாகத் தெரியவில்லை. வெளுத்ததே வெளுத்தது என்று 1890-ல் வெள்ளையை வைத்துக்கொண்டு, கறுப்புக்குப் பதில் நீலத்தைச் சேர்த்தார்கள். கல்லூரி நிறத்தைச் சூரிய பகவானே தேர்ந்தெடுத்த வேறு கதை எனக்குத் தெரிந்து இல்லை.

இளஞ்சிவப்பில் மாட்டிக்கொண்டது அவர்கள் மட்டுமல்ல. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் 1872-ல் இளஞ்சிவப்பும் பட்டாணிப் பச்சையும் என்று ஆரம்பித்தது. அடுத்த வருஷமே யாரோ கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும், பச்சையை நீக்கி வான்நீலம் போட்டார்கள். அதோடு பதினாறு பதினேழு வருஷம் ஓட்டினார்கள். ஒரு தடகளப் போட்டியில் ஜெயித்துவிட்டு ரயிலில் திரும்பும்போதுதான் மாணவர்களுக்கு உறைத்தது: இளஞ்சிவப்பையும் வான்நீலத்தையும் வைத்துக்கொண்டு என்னவென்று கோஷம் போடுவது? தொட்டில் குழந்தையின் சொக்காய் நிறத்தைச் சொல்லி யாரை மிரட்டுவது? ஆரஞ்சைத் தனி நிறமாக யாரும் வைத்துக்கொள்ளவில்லை என்று தேடிப் பிடித்து 1890-ல் அதை எடுத்துக்கொண்டார்கள்.

சிகாகோ பல்கலைக்கழகம் முதலில் மஞ்சள். அழுக்கு சீக்கிரம் தெரிகிறது, அமெரிக்காவில் மஞ்சள் என்றால் கோழை என்றும் அர்த்தம். 1894-ல் மெரூனுக்கு மாறினார்கள். வர்ஜீனியா டெக்குக்கு அதைவிடக் கேவலம். கறுப்பும் சாம்பலுமாகப் பட்டைக் கோடு போட்ட ஸ்வெட்டரில் அவர்கள் மைதானத்துக்குள் வந்தால் ஜெயில் கைதிகள் தப்பி வந்தது போலிருந்தது. 1896-ல் வேறு எந்தக் கல்லூரியிடமும் இல்லாத ஜோடியாகத் தேடி, சுட்ட ஆரஞ்சும் மெரூனும் எடுத்தார்கள். அதே வருஷம் கோஷம் எழுதும் போட்டி வைத்து, ஸ்டல் என்ற மாணவருக்கு 5 டாலர் கொடுத்தார்கள். அதில் 'ஹோக்கி' என்று ஒரு சொல் வருகிறது. அர்த்தம் எதுவும் கிடையாது. கவனத்தை இழுக்க வேண்டும் என்று போட்டதுதான். அதுவே அணியின் பெயராகிவிட்டது. சின்னம் வான்கோழி. அர்த்தமில்லாத சொல்லுக்கு வான்கோழி உருவம் என்று யார் தீர்மானித்தார்கள் என்று அங்கே போய்க் கேட்டுவிடாதீர்கள், அன்பாகத்தான் அடிப்பார்கள்.

டெக்சாஸின் ஆரஞ்சுக்கும் சலவைத் துறையில் கண்டம் இருந்தது. பருவம் தொடங்கும்போது ஆரஞ்சாக இருக்கும் சட்டை, துவைக்கத் துவைக்க மஞ்சளாகிவிடும். எதிரணிகள் விடுவார்களா? மஞ்சள் வயிறு என்று கிண்டல், அதாவது பயந்தாங்கொள்ளி. ஆட்டத்தில் அடிவாங்குவது சகஜம். சலவைத் தொட்டியிடமே அடிவாங்கினால் எப்படி? 1928-ல் பயிற்சியாளர் டாக் ஸ்டூவர்ட், இனி வெளுக்காத கருத்த ஆரஞ்சு வேண்டும் என்று சொல்லிச் செய்வித்தார். அதுதான் 'சுட்ட ஆரஞ்சு'. இரண்டாம் உலகப் போர் வந்தது. அந்தச் சாயம் கிடைப்பது குதிரைக்கொம்பாகி மறுபடி பளீர் ஆரஞ்சுக்குப் போனார்கள். 1962-ல் டேரல் ராயல் வந்துதான் சுட்ட ஆரஞ்சை மீட்டார்.

அவர்களுடைய சின்னத்தின் கதி இன்னும் மோசம். 1916 நன்றி நவிலல் நாள் ஆட்டத்தில் நீண்ட கொம்பு எருது ஒன்றை ஊரைக் கூட்டி அறிமுகப்படுத்தினார்கள். பெயர் பீவோ. சில மாதம் கழித்து, பரம எதிரியான டெக்சாஸ் ஏ அண்ட் எம் மாணவர்கள் ராத்திரியில் வந்து அதன் விலாவில் 13–0 என்று சூடுபோட்டுவிட்டுப் போனார்கள். அது 1915-ல் அவர்கள் ஜெயித்த கணக்கு. டெக்சாஸ்காரர்கள் பின்னாளில் ஒரு கதை கட்டினார்கள்: அந்த 13-ஐ ஆங்கிலத்தின் பி எழுத்தாக்கி, நடுக்கோட்டை ஈயாக்கி, வீ ஒன்றைச் செருகிப் பீவோ என்று நாங்களே திருத்திவிட்டோம், பெயரே அப்படித்தான் வந்தது என்று. அருமையான கதைதான். சிக்கல் என்னவென்றால் சூடு விழுவதற்கு முன்பே எருதுக்குப் பீவோ என்று பெயர் வைத்தாகிவிட்டது.

எருதுக்கு என்ன ஆனது? போர் வந்தது, தீவனச் செலவு கட்டுப்படியாகவில்லை, மைதானத்தில் வைத்து மேய்க்கும் அளவுக்குச் சாதுவும் இல்லை. 1920 ஜனவரியில் கால்பந்து விருந்தில் அதையே அறுத்துப் பரிமாறிவிட்டார்கள். சூடுபோட்ட எதிரிகளுக்கும் அழைப்பு போனது. அவர்கள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 13–0 பொறித்த தோலை மரியாதையாக அவர்களிடமே கொடுத்தனுப்பினார்கள். தன் குலச்சின்னத்தைத் தானே சமைத்து எதிரிக்கும் இலை போட்ட வேறு வம்சம் எந்தப் புராணத்திலும் வராது. இப்போது இருக்கும் பீவோ ராஜ உபசாரத்தில் வளர்கிறது; மெனுவில் பெயர் வருவதில்லை.

பழம்பெரும் கல்லூரிகள் மட்டும் என்ன வாழ்ந்தது? ஹார்வர்டின் கருஞ்சிவப்பு, கைக்குட்டையில் பிறந்தது. 1858-ல் படகுப் போட்டி. தூரத்தில் போகிற படகுகளில் நம் படகு எது என்று கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். படகோட்டிகளில் ஒருவரான சார்லஸ் எலியட்டும் தோழர் ஒருவரும் சிவப்புக் கைக்குட்டைகளை வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். தலையில் கட்டிக்கொண்டு துடுப்பு போட்டார்கள். பிறகு மஜென்டாவா கருஞ்சிவப்பா என்று பெரிய பஞ்சாயத்து நடந்தது. மாணவர் பத்திரிகைக்கு 'மஜென்டா' என்றே பெயர் வைத்து நடத்தினார்கள். 1875-ல் வாக்கெடுப்பில் கருஞ்சிவப்பு ஜெயித்தது, பத்திரிகை வெட்கமில்லாமல் 'கிரிம்சன்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. கைக்குட்டை வாங்கிய எலியட் ஹார்வர்டின் தலைவராகி 1909 வரை நாற்பது வருஷம் கோலோச்சினார். அதில் பெரும்பகுதியைக் கால்பந்தைத் திட்டுவதில் கழித்தார். முரட்டுத்தனம், ஏமாற்று, இதைத் தடை செய்ய வேண்டும் என்பார். அவர் வாங்கிக்கொடுத்த நிறத்தில்தான் பையன்கள் மூக்கு உடைபட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹார்வர்டின் சம்பந்தி வீடான யேலுக்கு நம் ஊர்ப் பணம். எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கம்பெனி வேலையைவிடச் சொந்த வியாபாரத்தில் அக்கறை அதிகம் என்று பதவியைப் பறித்தார்கள். அதற்குள் சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிட்டிருந்தார். 1718-ல் கனெக்டிகட்டின் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டை சரக்கும் 417 புத்தகங்களும் மன்னரின் படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் சுமார் 560 பவுண்டு தேறியது. கல்லூரிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். கல்லூரி வரலாற்றிலேயே இவ்வளவு மலிவாகப் புகழ் வாங்கியவர் வேறொருவர் இல்லை. அந்தக் கல்லூரி மாணவர் ஒருவர் 1889-ல் ஒரு கொல்லனிடமிருந்து வாங்கிய புல்டாக் நாய்தான் அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் உயிருள்ள சின்னம். பெயர் 'அழகன் டான்'. படத்தைப் பார்த்தால் பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்தது தெரியும். செத்த பிறகும் விடவில்லை. பாடம்செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

பட்டப்பெயர்களில் பாதி, எதிரி வைத்தது. 1891-ல் பர்டியூ, வாபாஷ் கல்லூரியை அதன் சொந்த ஊரான கிராஃபோர்ட்ஸ்வில்லிலேயே 44–0 என்று துவைத்து எடுத்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்குத் தாங்கவில்லை. அவர்கள் மாணவர்களா என்ன, கொதிகலன் அடிக்கிற பட்டறை ஆட்கள் என்று எழுதியது. பர்டியூவில் பொறியியல் படிப்பு. வாபாஷில் லத்தீனும் கிரேக்கமும். கையில் கரிபடிந்தவன் கனவான்களை அடித்துவிட்டானே என்ற கோபம் எழுத்தில் வழிந்தது. ரயில் பட்டறையிலிருந்து தடியர்களைக் கூட்டிவந்து மாணவன் என்று கணக்குக் காட்டுகிறார்கள் என்ற வதந்தியும் கூடவே ஓடியது. பர்டியூ பையன்களுக்கு ஒரே சந்தோஷம். கொதிகலன்காரர்கள் என்ற பெயரை மார்பில் எழுதிக்கொண்டார்கள். வசவைப் பட்டமாக வாங்கிக்கொள்ளத் தெரிந்தவனை அப்புறம் எதைச் சொல்லித் திட்டுவது?

நெப்ராஸ்காவின் பழைய பெயர் 'பூச்சி தின்னிகள்'. அதை வைத்துக்கொண்டு எப்படிச் சம்பந்தம் பேசுவது என்று நொந்த லிங்கன் நகர விளையாட்டு எழுத்தாளர் சை ஷெர்மன், 1900-ஐ ஒட்டி, 'சோளம் உரிப்பவர்கள்' என்று மாற்றி எழுத ஆரம்பித்தார். அது பக்கத்து மாநிலமான அயோவாவுக்குச் சிலர் வைத்திருந்த பெயர். அயோவா அதைச் சீந்தாததால் வழக்கு எதுவும் வரவில்லை. ஜார்ஜியா டெக்கின் 'மஞ்சள் குளவிகள்' என்ற பெயருக்கும் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டம் பார்க்க வந்த மாணவர்கள் மஞ்சள் கோட்டு போட்டு வந்தார்கள். 1905 வாக்கில் பத்திரிகை அவர்களை மஞ்சள் கோட்டுக்காரர்கள் என்றது. ஆங்கிலத்தில் கோட்டுக்கும் குளவிக்கும் அதே பெயர். பிற்பாடு வந்தவர்கள் குளவி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அலபாமாவின் கதை சேற்றில் நடந்தது. 1907-ல் பர்மிங்காமில் ஆபர்னோடு ஆட்டம். மழை, அங்கே மண் செம்மண். ஆபர்ன்தான் ஜெயிக்கும் என்று ஊரே சொன்னது. சேற்றில் குளித்தபடி அலபாமா 6–6 என்று இழுத்துப் பிடித்துச் சமன் செய்தது. ஹியூ ராபர்ட்ஸ் என்ற பத்திரிகையாளர் 'கருஞ்சிவப்பு அலை' என்று எழுதினார். சரி, அலைக்கு எப்படி மாஸ்காட் செய்வது? 1930-ல் அவர்களுடைய தடித்தடியான ஆட்கள் மைதானத்துக்குள் வந்ததைப் பார்த்து, யானைக் கூட்டம் வருகிறது என்று யாரோ கத்த, அதையும் ஒரு நிருபர் எழுதிவைத்தார். ஆகவே அலைக்குச் சின்னம் யானை. ஆபர்ன் அதற்குச் சளைத்ததா? அவர்கள் பெயர் புலிகள், கத்துவதோ போர்க் கழுகே என்று.

சில ஊர்களில் நிருபர்கூட வேண்டியிருக்கவில்லை, வியாபாரியே போதும். ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் ஃபிலிப் மில்லர் என்று ஒரு கடைக்காரர். 1907-ல் மகன் ஆஸ்டினைப் பார்க்க வர்ஜீனியா போனவர், அங்கே கொடி தயாரிக்கும் கம்பெனியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கும் கொடிகள் செய்து தன் கடையில் விற்கலாமே என்று நினைத்தார். உங்கள் அணிக்கு என்ன சின்னம் என்று கம்பெனி கேட்டது. அப்படி ஒன்று இல்லை. மகன், முதலை என்று போடலாமே என்றான். கம்பெனிக்காரருக்கு முதலை எப்படி இருக்கும் என்று தெரியாது. மகன் நூலகத்துக்குப் போய்ப் படம் தேடி எடுத்துவந்து கொடுத்தான். மறுபடி யோசியுங்கள்: கல்லூரியைக் கேட்கவில்லை, ஆட்டக்காரர்களைக் கேட்கவில்லை. பெஞ்சுக்கு அந்தப் பக்கம் சரக்கு, இந்தப் பக்கம் பெயர். அடுத்த வருஷம் கடையில் முதலைக் கொடி தொங்கியது. இன்று ஒரு மாநிலமே இரண்டு கைகளையும் முதலை வாய்போல் திறந்து மூடிக்கொண்டு நிற்கிறது.

ஒஹாயோவின் ஆக்ரன் இன்னும் ஒரு படி மேல். அது ரப்பர் நகரம். அங்கே குட்ரிச் கம்பெனி 'ஜிப்பர்' என்ற பெயரில் ரப்பர் மேல்காலணி விற்றுக்கொண்டிருந்தது. 1920-களில் பெயர் வைக்கும் போட்டியில் அந்தச் செருப்புப் பெயர் ஜெயித்தது. பேன்ட்டில் ஜிப் வந்த பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே கூட்டம் சிரித்ததால் 1950-ல் 'ஜிப்ஸ்' என்று சுருக்கினார்கள். சின்னம் கங்காரு. பை இருக்கிறது, ஜிப் போட வசதி என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

வாத்துக்குப் புகழ்பெற்ற ஆரிகனில் 1947-ல் தடகளத் துறைத் தலைவர் லியோ ஹாரிஸ், வால்ட் டிஸ்னியோடு கைகுலுக்கி டொனால்ட் வாத்தையே வாங்கிவந்துவிட்டார். காகிதம் கையெழுத்து எதுவும் கிடையாது. டிஸ்னி காலமான பிறகு கம்பெனி வக்கீல்கள் விழித்துக்கொண்டு ஆதாரம் கேட்க, ஆரிகன் கோட்டு போட்டுக்கொண்டு டிஸ்னி நிற்கும் பழைய புகைப்படத்தைக் காட்டித் தப்பித்தார்கள்.

மதம் சார்ந்த கல்லூரிகள் அடித்த கூத்து தனி. இன்றைய டியூக் பல்கலைக்கழகம் அப்போது டிரினிட்டி, மெதடிஸ்ட் சபைக் கல்லூரி. 1922-ல் மாணவர் பத்திரிகை ஆசிரியர்கள் தாங்களாகவே 'நீலப் பிசாசுகள்' என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முதல் உலகப் போரில் பெயர் வாங்கிய பிரெஞ்சு மலைப்படைக்கு அந்தப் பட்டம். திருச்சபை கொதிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு பாதிரியாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வருஷம் பாப்டிஸ்ட் கல்லூரியான வேக் ஃபாரஸ்ட், டிரினிட்டியை அடித்தது. பிசாசை அடித்தவன் சும்மாவா, எங்கள் ஆட்கள் பேய்பிடித்த உபதேசியார்கள் என்று அவர்கள் மாணவர் பத்திரிகை எழுதியது. நோட்டர் டேமை 1842-ல் தொடங்கியவர் எட்வர்ட் சொரின், அசல் பிரெஞ்சுப் பாதிரியார். அணியின் பெயர் 'சண்டைக்கார ஐரிஷ்காரர்கள்'. குடியேறிய கத்தோலிக்க ஏழைகளை இளப்பமாகப் பார்த்த காலத்தின் வாடை அந்தப் பெயரில் அடிக்கும். 1927-ல் கல்லூரித் தலைவர் மேத்யூ வால்ஷ் அதை அங்கீகரித்தார். அவர் ஐரிஷ் வம்சாவளி, கொடுத்து வைத்தவர்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஒக்லஹோமாதான். அங்கே ஒளிவுமறைவே இல்லை. 1889 ஏப்ரல் 22. பழங்குடிகளுக்கென்று அரசாங்கமே சத்தியம் செய்து ஒதுக்கிய பிரதேசத்தின் நடுவே ஒரு பெரிய நிலப்பரப்பைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். எல்லைக்கோட்டில் ஆயிரக்கணக்கானோர் குதிரையிலும் வண்டியிலும் காத்து நிற்க, சரியாகப் பகல் 12 மணிக்கு சைகை. ஓடிப்போய் முளை அடிப்பவனுக்கு 160 ஏக்கர். வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தவர்கள் பார்த்தால், நல்ல நிலத்திலெல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கிறான், குதிரையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. முந்தின ராத்திரியே புதரில் பதுங்கி இடம்பிடித்தவர்கள். இவர்களை 'முந்திக்கொண்டவர்கள்' என்று வைதார்கள், கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 1908-ல் பல்கலைக்கழக அணி அந்த வசவையே பெயராக வைத்துக்கொண்டது. அவர்களுடைய உற்சாகப் பாட்டின் மெட்டும் யேலின் பாட்டிலிருந்து சுட்டதுதான். கொள்கையில் உறுதி என்றால் இது.

நிலத்தைப் பிடித்தவன் பெயர் இப்படி நிலைத்தது. நிலத்தை இழந்தவன் பெயரையோ மற்றவர்கள் வேடிக்கைக்கு எடுத்துக்கொண்டார்கள். இறகு செருகிக்கொண்டு, முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, கோடரி வீசுவதுபோல் ஆடுவது பல காலம் கல்லூரி உற்சாகமாக நடந்தது. ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகம் மயாமி பழங்குடியினர் ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகுதான் 1997-ல் பெயரை மாற்றியது. வடக்கு டகோடா வழக்கு, சட்டம், வாக்கெடுப்பு எல்லாம் பார்த்து ஓய்ந்து 2015-ல் பருந்துக்கு வந்து சேர்ந்தது. ஃபுளோரிடா ஸ்டேட்டோ செமினோல் மக்களிடம் அனுமதி வாங்கி அவர்கள் பெயரை வைத்திருக்கிறது. கேட்டு வாங்குவது என்று ஒரு வழி இருப்பது பலருக்கு வெகுகாலம் தோன்றவில்லை.

ஸ்டான்ஃபோர்ட் 1930 முதல் 'இந்தியர்கள்' என்று ஆடிக்கொண்டிருந்தது. 1972-ல் அங்கே படித்த பழங்குடி மாணவர்கள் மனு கொடுக்க, பெயரைக் கைவிட்டார்கள். புதுப் பெயர் என்ன? மாணவர்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். 1975-ல் மாணவர்கள் தேர்ந்தெடுத்தது 'கொள்ளைக்காரச் சீமான்கள்'. கல்லூரியை நிறுவிய லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ரயில் அதிபர். அந்தக் காலத்து ரயில் அதிபர்களை ஊர் அப்படித்தான் கூப்பிட்டது. இத்தனை கல்லூரிகளின் இத்தனை பெயர்களிலும் சரித்திர ஆதாரம் உள்ள ஒரே பெயர் அதுதான் என்று நான் சத்தியம் செய்வேன். நிர்வாகம் முடியாது என்றுவிட்டது. 1981-ல் தலைவர் டொனால்ட் கென்னடி தீர்ப்பு சொன்னார்: அணியின் பெயர் கார்டினல், ஒருமை, பறவையும் இல்லை, மதகுருவும் இல்லை, வெறும் சிவப்பு நிறம். ஒரு நிறம் எப்படி மைதானத்தில் குட்டிக்கரணம் அடிக்கும்? அதிகாரபூர்வச் சின்னம் எதுவும் வேண்டாம் என்று நிர்வாகம் இருந்துவிட்டதால், வாத்தியக்குழு மாணவர்கள் ஊரில் நிற்கும் பழைய செம்மரத்தின் பெயரால் ஒருவருக்கு மர வேஷம் கட்டி ஆடவிட்டார்கள். அதுதான் இன்றுவரை ஆடுகிறது. 2022-ல் ஓர் ஆட்டத்தின் நடுவே, ஸ்டான்ஃபோர்டுக்குச் சிரிப்பு விளையாட்டே பிடிக்காது என்ற பொருளில் பதாகை விரித்ததற்காக மரத்தைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.